கானாவின் நிதியமைச்சர் கோம்லா பெடெமா

மேற்கு ஆபிரிக்காவின் கரையோரத்தில் வாழும் ஏவே இனத்து மக்களிடையே ஒரு வழக்கம் உண்டு. குழந்தை எந்தக் கிழமையிற் பிறந்ததோ, அக்கிழமைக்குரிய பெயரே அதற்கு இடப்படும். செவ்வாய்க்கிழமை பிறந்த ஆண்மகனுக்குக் கோம்லா என்று பெயர். 1913ஆம் ஆண்டு யூன் மாதம் 17ஆந் திகதி, ஒரு செவ்வாய்க்கிழமையன்று, நைஜீரியாவின் தென்பகுதியிலுள்ள வாரி என்னும் பட்டினத்தில் ஓர் ஏவேக் குடும்பத்தில் ஓர் ஆண்மகவு பிறந்தது. பெற்றோரின் சொந்த ஊர் அதற்கு மேற்கே, அந்நாளில் பொற்கரை எனப்பட்ட பிரித்தானியக் குடியேற்ற நாட்டிலுள்ள அன்யாக்கோ. குழந்தைக்குக் கோம்லா என்பதோடு அக்பெலி என்ற பெயரையும் இட்டனர். ஏவே மொழியிலே அதற்கு ‘உயிர் இருக்கிறது’ என்பது பொருள். குடும்பப் பெயரின் முதலெழுத்திற் ககரமும் பகரமும் ஒருங்கே ஒலிக்கும். அவ்வொலி நமது நாவுக்குப் புதியது. ஆதலால் நாம் அவரைப் பெடெமா என்றே அழைப்போம்.

பொற்கரை பின்னர் கானா எனப் பெயர் பூண்டு சுதந்திர நாடானது. அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் இந்தப் பெடெமாவே. அமைச்சர்கள் எத்தனையோ பேர் வருகின்றனர், போகின்றனர். அவர்களுள் இவரைத் தெரிந்தெடுத்து இன்று பேசவேண்டிய காரணம் யாது? இவர் சிறையிலிருந்த ஒரு தலைவரை ஆட்சிப் பீடத்தில் ஏற்றினார். அத்தலைவரின் கையிலே சட்டம் வாளாக மாறியபோது அவரை எதிர்த்து நின்றார். ஈற்றில் வேறொரு சட்டத்தினாலே தாமும் வீழ்த்தப்பட்டார். ஒரு புதிய நாட்டின் அரசியலிலே விசுவாசம் எதுவரை செல்லலாம், சட்டம் எவர் கையில் இருக்கவேண்டும் என்னும் இரண்டு கேள்விகளும் இவ்வொருவரின் வாழ்க்கையிலே பின்னிக்கிடக்கின்றன.

பெடெமா அக்ரா நகரையடுத்த புகழ்பெற்ற அச்சிமோட்டாக் கல்லூரியிற் பயின்றவர். கல்வி முடிந்தபின் அக்ரா அக்கடமி என்னும் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியராகப் பணிபுரிந்தார். பின்னர் இனிப்புப் பண்டம் செய்யும் தொழிலிலும் மர வியாபாரத்திலும் ஈடுபட்டார். கணக்குப் பார்க்கவும், ஆட்களை ஒழுங்குசெய்யவும், குறித்த வேளையிற் குறித்த காரியத்தை முடிக்கவும் அங்கே அவர் பழகிக்கொண்டார். அரசியல் மேடையில் இடிமுழக்கஞ் செய்பவர் பலர். மேடையை அமைத்து, கூட்டத்தைக் கூட்டி, செலவுக் கணக்கையும் சரிபார்ப்பவர் மிகச் சிலர். பெடெமா அந்தச் சிலருள் ஒருவர்.

1947ஆம் ஆண்டின் இறுதியில் குவாமே நிக்ருமா பல்லாண்டுக்கால வெளிநாட்டு வாசத்தின் பின் பொற்கரைக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு பெப்ரவரி 28ஆந் திகதி, குறைகளைத் தேசாதிபதியிடம் முறையிட ஊர்வலமாகச் சென்ற முன்னாட் போர்வீரர்மீது அக்ராவிற் பொலிசார் சுட்டனர். அன்று மூண்ட கலகம் நாடெங்கும் பரவியது. படித்த வக்கீல்களும் வர்த்தகர்களும் நடத்திவந்த அரசியற் சபையோ, இயன்றளவு விரைவிலே சுயாட்சி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தது. இளைஞர்களுக்கு அது போதவில்லை. பெடெமா முன்னின்று அமைத்த இளைஞர் இயக்கமும் நிக்ருமாவும் அச்சபையை விட்டுப் பிரிந்தனர். 1949ஆம் ஆண்டு யூன் 12ஆந் திகதி மக்கள் மாநாட்டுக் கட்சி பிறந்தது. அதன் கோரிக்கை ‘இப்போதே சுயாட்சி’ என்பது. நிக்ருமா தலைவர், கோஜோ பொட்சியோ செயலாளர், பெடெமா உபதலைவர்.

பெடெமா நிக்ருமாவின் ‘அக்ரா ஈவினிங் நியூஸ்’ பத்திரிகையோடும் தொடர்புடையவராயிருந்தார். அதில் வெளிவந்த ஒரு செய்திக்காக அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1949இல் அவர் சிறை சென்றார். அக்ராவின் கடற்கரையோரம், 17ஆம் நூற்றாண்டிலே ஆங்கில வணிகர் கட்டிய ஜேம்ஸ் கோட்டையே அந்நாளிற் சிறைச்சாலை. அவர் உள்ளே இருக்கும்போதே, 1950ஆம் ஆண்டு சனவரியில், நிக்ருமா நாடளாவிய வேலைநிறுத்தத்துக்கும் ஒத்துழையாமைக்கும் அழைப்பு விடுத்தார். அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தைப் பிறப்பித்தது. நிக்ருமாவும் கட்சியின் முன்னணியினரும் கைதாயினர். நிக்ருமாவுக்குக் கிடைத்தது மொத்தம் மூன்றாண்டுச் சிறை.

கட்சியின் தலைகள் எல்லாம் சிறையில் இருந்தபோது, தமது தண்டனையை முடித்துக்கொண்டு வெளியே வந்தவர் பெடெமா. 1950ஆம் ஆண்டின் முற்பகுதி முதல் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் கட்சி அவர் கையிலே இருந்தது. அவர் நினைத்திருந்தால் தம்மையே தலைவராக்கிக்கொள்ள முயன்றிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. தற்காலிகத் தலைவராக நின்று ஊர் ஊராகக் கிளைகளை அமைத்தார். ஒலிபெருக்கி பூட்டிய பிரசார வண்டிகளை அனுப்பினார். வாக்காளர் இடாப்பில் மக்களைப் பதியச் செய்தார். நிக்ருமா மலசலகூடக் காகிதத்தில் எழுதி இரகசியமாக வெளியே அனுப்பிய குறிப்புகள் அவர் கைக்கு வந்தன. சிறையிலிருப்பவர் தேர்தலில் நிற்கலாமா என்ற கேள்வி எழுந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட தண்டனை பெற்றவர்க்கே சட்டம் தடைவிதித்தது. நிக்ருமாவின் மூன்றாண்டோ, தனித்தனியே ஓராண்டுக்கு மேற்படாத தண்டனைகளின் கூட்டு. ஆகவே, அவர் பெயர் இடாப்பிற் பதியப்பட்டது. அக்ரா மத்திய தொகுதியின் அபேட்சகர்களுள் ஒருவர், ஜேம்ஸ் கோட்டையிலுள்ள கைதி நிக்ருமா!

1951ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆந் திகதி தேர்தல் நடைபெற்றது. மக்கள் வாக்கினால் நிரப்பப்படும் 38 இடங்களில் 34 இடங்களை மக்கள் மாநாட்டுக் கட்சி கைப்பற்றியது. சிறையிலிருந்த நிக்ருமா பெற்ற வாக்குகள் 22,780. தேசாதிபதி சேர் சார்ள்ஸ் ஆர்டன்-கிளார்க் நிலைமையை உணர்ந்தார். பெப்ரவரி 12ஆந் திகதி சிறைக்கதவு திறந்தது. கைதி வெளியே வந்து அரசாங்க அலுவல்களின் தலைவரானார். மறு ஆண்டு பிரதமரானார். அவரது வெற்றியின் அத்திவாரத்தை இட்டவர் பெடெமா என்பதை நாடறியும்.

புதிய அமைச்சரவையிலே பெடெமா முதலிற் சுகாதார, தொழில் அமைச்சர். பின்னர் வர்த்தக, கைத்தொழில் அமைச்சர். 1954ஆம் ஆண்டில் நிதியமைச்சு அவரிடம் வந்தது. அதுகாறும் நாட்டின் பணப்பெட்டியின் திறவுகோல் பிரித்தானிய உத்தியோகத்தர் ஒருவரிடமே இருந்துவந்தது. அதனைக் கையிற் பெற்ற முதல் ஆபிரிக்கர் பெடெமா. பின்னர் அவர் பாராளுமன்றத்திற் பிரதிநிதித்துவம் வகித்த கேட்டா என்னும் ஊர், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக, நடுவே ஒரு மணற்றிட்டின்மேல் அமைந்தது. அக்கரையைக் கடல் ஆண்டாண்டாக அரித்துவந்தது.

நிதியமைச்சரானதும் அவர் முன் வந்த முதற் பெரும் பிரச்சினை கொக்கோ. அந்நாளிலே உலகில் மிகுதியாகக் கொக்கோ விளைந்த நாடு பொற்கரையே. அரசாங்கத்தின் சந்தைப்படுத்தும் சபை விவசாயிகளிடமிருந்து கொக்கோவை நிர்ணய விலைக்கு வாங்கி உலகச் சந்தையில் விற்கும். 1954இல் உலக விலை என்றுமில்லாதவாறு ஏறியது. விவசாயிகள் தமக்கும் அதிற் பங்கு வருமென்று காத்திருந்தனர். ஆனால் அவ்வாண்டு ஓகஸ்டில் பெடெமா கொண்டுவந்த மசோதா, 60 இறாத்தல் கொண்ட ஒரு சுமைக்கு 72 சிலிங் என நான்காண்டுகளுக்கு விலையைக் கட்டிவைத்தது. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு தொன்னுக்கு 134 பவுண் வரும். உலகச் சந்தையிலோ இதன் இருமடங்கிற்கும் மேலாக விலை போய்க்கொண்டிருந்தது.

நிதியமைச்சரின் வாதம் தெளிவானது. ஏறிய விலை ஒருநாள் இறங்கும். இன்று கிடைக்கும் மிகுதிப் பணத்தை எல்லாம் விவசாயிகளிடம் கொடுத்தால் பண்டங்களின் விலை உயரும். வீதிகளும் பாடசாலைகளும் ஆஸ்பத்திரிகளும் அமைக்கப் பணம் இராது. விவசாயியின் வாதமும் தெளிவானதே. மரத்தை நட்டவன் அவன்; வெயிலிலும் மழையிலும் நின்றவன் அவன்; அவனது வியர்வையின் விலையை அக்ராவிலிருப்பவர் எதற்காகப் பிடித்துவைக்கவேண்டும்? கொக்கோ செழித்த அசாந்திப் பிரதேசம் கொதித்தெழுந்தது. மறுமாதமே குமாசி நகரில் தேசிய விடுதலை இயக்கம் என்ற எதிர்ப்பியக்கம் தோன்றிற்று. கூட்டாட்சி வேண்டுமென்று அது கோரியது. வீடுகள் தாக்கப்பட்டன, உயிர்களும் பலியாயின. 1956ஆம் ஆண்டு யூலையில் மீண்டும் ஒரு தேர்தல் நடத்தி, 104 இடங்களில் 71 இடங்களை வென்ற பின்னரே நிக்ருமாவின் கட்சியாற் சுதந்திரத்துக்கு நாட்குறிக்க முடிந்தது. உலக விலை பின்னர் பெரிதும் வீழ்ந்தது. நிதியமைச்சரின் முன்னறிவு பொய்க்கவில்லை. ஆயினும், கணக்கிற் சரியான ஒரு முடிவு, உழைப்பவனைக் கேளாமல் எடுக்கப்படும்போது நாட்டையே பிளக்கக்கூடும் என்பதை அந்த 72 சிலிங் காட்டிற்று.

1957ஆம் ஆண்டு மார்ச் 6ஆந் திகதி பொற்கரை சுதந்திர கானா ஆயிற்று. அவ்வாண்டிலேயே கானா வங்கி தொடங்கப்பட்டது. சர்வதேச நாணய நிதியிலும் கானா அங்கத்துவம் பெற்றது. 1958ஆம் ஆண்டு யூலையில் கானாவின் சொந்த நாணயம் மக்கள் கைக்கு வந்தது. அவற்றிற்கெல்லாம் பொறுப்பாயிருந்த அமைச்சர் பெடெமா.

இனி, உலகப் பத்திரிகைகள் எல்லாம் அவர் பெயரை அச்சிட்ட ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டும். 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத் தொடக்கம். பெடெமா ஐக்கிய அமெரிக்காவில் மோட்டார் வண்டியிற் பயணஞ் செய்துகொண்டிருந்தார். அவருடன் சென்றவர் அவருடைய செயலாளர், பில் சதர்லண்ட் என்னும் கறுப்பின அமெரிக்கர். டெலவேயர் மாநிலத்தின் டோவர் நகரருகே, பெருஞ்சாலையோரத்திலுள்ள ஹவார்ட் ஜோன்சன் உணவு விடுதியில் இறங்கித் தோடம்பழரசம் கேட்டனர். பணம் வாங்கப்பட்டது. பானத்தைப் பொதி செய்து கொடுத்தனர். வெளியே கொண்டுபோய்த்தான் அருந்தவேண்டும், கறுப்பர் உள்ளேயிருந்து அருந்த முடியாது என்றும் கூறினர். தாம் யார் என்பதை அத்தாட்சியுடன் பெடெமா தெரிவித்தார். பயனில்லை. பானத்தையும் மீதிச் சில்லறையையும் அங்கேயே வைத்துவிட்டு, இவ்விஷயம் இத்தோடு முடியாது என்று சொல்லி வெளியேறினார்.

அவ்வாறே அது முடியவில்லை. சுதந்திர விழாவுக்கு அமெரிக்காவின் பிரதிநிதியாக அக்ராவுக்கு வந்தவர் உபஜனாதிபதி றிச்சர்ட் நிக்சன். அவர் கானாவில் என் வீட்டில் உணவருந்தலாமாயின், நான் அவருடைய நாட்டில் ஒரு வழியோரக் கடையில் ஒரு கிண்ணம் பழரசம் அருந்தலாகாதா என்று பெடெமா பத்திரிகையாளரிடம் கேட்டார். கேள்வி கூர்மையானது, வேளை அதனினும் கூர்மையானது. லிற்றில் றொக் நகரப் பாடசாலைக்குக் கறுப்பினப் பிள்ளைகளைப் பாதுகாப்புடன் அனுப்ப அமெரிக்க அரசாங்கம் படைவீரரை இறக்கி இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. சோவியத் யூனியனின் முதற் செயற்கைச் சந்திரன் சில நாட்களுக்கு முன்னரே வானிற் சுற்றத் தொடங்கியிருந்தது. புதிதாக விடுதலை பெறும் நாடுகளின் நட்பை நாடி நின்ற அமெரிக்காவுக்கு இது பெரும் சங்கடம். இராஜாங்கப் பகுதி வருத்தம் தெரிவித்தது. ஒக்டோபர் 10ஆந் திகதி காலை, ஜனாதிபதி ஐசன்ஹவர் பெடெமாவை வெள்ளை மாளிகைக்கு அழைத்துத் தம்முடனிருந்து காலையுணவு அருந்தச் செய்தார். நிக்சனும் உடனிருந்தார்.

வேறொருவராயின் அந்த மரியாதையோடு மனம் நிறைந்திருப்பார். பெடெமாவோ கணக்குத் தெரிந்த மனிதர். அவமானத்தின் வழியாகத் திறந்த அந்தக் கதவினூடே தமது நாட்டின் காரியம் ஒன்றையும் எடுத்துச் சென்றார். வொல்ட்டா நதியை மறித்து அணைகட்டி, மின்சக்தி பெற்று, அதனால் அலுமினியம் உருக்க வேண்டும் என்பது கானாவின் நெடுநாட் கனவு. 1956இல் வெளியான ஓர் அறிக்கை அதற்கு 23 கோடி பவுணுக்கு மேல் வேண்டுமென மதிப்பிட்டிருந்தது. பிரித்தானியாவும் அலுமினியக் கம்பெனிகளும் பின்வாங்கத் தொடங்கியிருந்தன. காலையுணவு மேசையிலே அத்திட்டத்தை அமெரிக்க ஜனாதிபதியின் செவியிற் போட்டார் நிதியமைச்சர். மறு ஆண்டு நிக்ருமா வாஷிங்டன் சென்று அதனைத் தொடர்ந்தார். கைசர் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் பொறியியலாளர்கள் திட்டத்தை மீண்டும் ஆராய்ந்து, அணைக்கு அகொசொம்போ என்னும் இடத்தைத் தெரிந்தனர். 1962இல் உலக வங்கி 4 கோடியே 70 இலட்சம் டொலர் கடனளிக்க உடன்பட்டது.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. பெடெமாவுக்கு வெள்ளை மாளிகையில் விருந்து கிடைத்தது. அவருடன் அதே கடையிற் பானம் மறுக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்த இலட்சக்கணக்கான அமெரிக்கருக்கு அது கிடைக்கவில்லை. அத்தகைய கடைகளின் கதவு நாடெங்கும் சட்டப்படி அவர்களுக்குத் திறக்க 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது.

கானாவின் கதை இதற்கிடையில் வேறொரு திசையிற் சென்றுகொண்டிருந்தது. 1958ஆம் ஆண்டு யூலையில் தடுப்புக் காவற் சட்டம் நிறைவேறியது. விசாரணையின்றி ஒருவரை ஐந்தாண்டுவரை சிறைவைக்க அது அரசாங்கத்துக்கு அதிகாரம் அளித்தது. அப்போது பெடெமா அமைச்சரவையில் இருந்தார். அதன் கூட்டுப் பொறுப்பிலிருந்து அவரை நாம் விலக்கிவிட முடியாது. குறுகிய காலத்துக்குத் தேவையான கருவி என்று அன்று பலர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டனர். கருவியோ கையைவிட்டு இறங்கவில்லை.

1960இல் கானா குடியரசாகி, நிக்ருமா ஜனாதிபதியானார். கருவூலத்தின் செலவு வேகமாக ஏறியது. செலவைக் கட்டுப்படுத்த முயலும் நிதியமைச்சரை, அவசர அவசரமாக நாட்டை மாற்ற முனையும் தலைவர் விரும்பார். 1961ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆந் திகதி விடியற்காலையில், கட்சிக்காரர் சொத்துச் சேர்ப்பதைக் கண்டித்து நிக்ருமா வானொலியிற் பேசினார். அடுத்த மாதம் பெடெமா நிதியமைச்சிலிருந்து சுகாதார அமைச்சுக்கு மாற்றப்பட்டார். ஏழாண்டுக் காலம் அவர் காத்த பணப்பெட்டி வேறொருவர் கைக்குப் போயிற்று. யூலையில் வந்த வரவுசெலவுத் திட்டம் கட்டாயச் சேமிப்பை விதித்தது. அதற்கு ஆலோசகராயிருந்தவர், நமது நாட்டுக்கும் 1958இல் வரித்துறை ஆலோசனை கூறிய கேம்பிரிட்ஜ் பொருளியலறிஞர் நிக்கலஸ் கல்டோர். சேமிப்பென்ற பெயரிற் சம்பளம் வெட்டப்பட்டதும், செப்தெம்பரிற் செக்கொண்டி-தக்கொராடியின் ரயில்வே, துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அம்மாத இறுதியிற் பெடெமா, பொட்சியோ உட்பட ஆறு அமைச்சர்கள் பதவி துறக்குமாறு நிக்ருமா பணித்தார். ஒக்டோபர் 3ஆந் திகதி எதிர்க்கட்சியினரும் தொழிலாளர் தலைவர்களுமாக ஏறத்தாழ ஐம்பது பேர் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர், நாட்டின் சுதந்திரக் கோரிக்கையை முதன்முதல் எழுப்பியோருள் மூத்தவரான கலாநிதி டன்குவா.

பதவியிழந்தும் பெடெமா பாராளுமன்ற அங்கத்தவராகவே இருந்தார். அம்மாதம் அரசாங்கம் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. அரசுக்கெதிரான குற்றங்களை விசாரிக்க ஒரு விசேட நீதிமன்றம் அமையும். அதன் தீர்ப்புக்கு மேல் முறையீடு இல்லை. மரண தண்டனையும் அது விதிக்கலாம். தெரு முழுதும் அச்சம் நிலவிய அவ்வேளையிற் பெடெமா சபையில் எழுந்து அதனை எதிர்த்துப் பேசினார். சுதந்திரத்துக்காகப் போராடிய நாம் சுதந்திரத்தையே அழிக்கும் சட்டத்தை இயற்றலாமா என்பதும், இன்று இதற்கு ஆரவாரம் செய்வோரே நாளை இதற்கு இரையாகலாம் என்பதும் அவர் பேச்சின் சாரம். மசோதா நிறைவேறியது. பெடெமா நாட்டைவிட்டு வெளியேறினார்.

அவ்வெச்சரிக்கை பலித்த விதத்தைக் கேளுங்கள். பழைய தலைவர்கள் விலக்கப்பட்ட காலத்தில் ஜனாதிபதியின் அருகே செல்வாக்கோடு உயர்ந்து நின்றவர் தாவியா அடமாபியோ என்ற அமைச்சர். 1962ஆம் ஆண்டு ஓகஸ்டில், குலுங்குகு என்னும் ஊரில் நிக்ருமாவின்மீது குண்டு வீசப்பட்டது. அடமாபியோவும் வேறு இரு தலைவர்களும் குற்றஞ்சாட்டப்பட்டனர். அவர்களை விசாரித்தது அதே விசேட நீதிமன்றம். 1963ஆம் ஆண்டு டிசம்பரில் பிரதம நீதியரசர் சேர் ஆக்கு கொர்சாவின் தலைமையில் அமர்ந்த நீதிபதிகள், சான்று போதாதென்று அம்மூவரையும் விடுவித்தனர். இரண்டு நாட்களிற் பிரதம நீதியரசரே பதவிநீக்கம் செய்யப்பட்டார். தீர்ப்பு செல்லாதென்று ஆக்கப்பட்டது. மறு விசாரணையில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் சிறைத்தண்டனையாகக் குறைக்கப்பட்டது. டன்குவா 1965ஆம் ஆண்டு பெப்ரவரியில் என்சாவாம் சிறையிலேயே உயிர் துறந்தார்.

1966ஆம் ஆண்டு சனவரி 22ஆந் திகதி அகொசொம்போ அணையை நிக்ருமா கோலாகலமாகத் திறந்துவைத்தார். உலகின் மிகப் பெரிய செயற்கை ஏரிகளுள் ஒன்று அதன்பின்னே பரந்தது. ஏறத்தாழ எண்பதாயிரம் மக்கள் தம் ஊர்களை அதற்குக் கொடுத்துவிட்டு இடம்பெயர்ந்தனர். அத்திட்டத்தை வெள்ளை மாளிகையின் காலையுணவு மேசைக்குக் கொண்டுசென்றவரோ அந்நாளில் நாட்டிலே இல்லை. அதன்பின் முப்பத்துமூன்றாம் நாள், நிக்ருமா சீனத் தலைநகரில் இருந்தபோது, இராணுவமும் பொலிசும் ஆட்சியைக் கைப்பற்றின. நாலரை ஆண்டுகளின் பின்னர் பெடெமா தாய்நாடு திரும்பினார்.

இனி அவருக்குக் காலம் பிறந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால், முன்னாள் அமைச்சர்களின் சொத்துகளை விசாரிக்க நியமிக்கப்பட்ட ஆணைக்குழு, பெடெமாவும் முறையற்ற வழியிற் சொத்துச் சேர்த்தார் என்று முடிவு செய்தது. அத்தகைய முடிவுக்கு ஆளானோர் பாராளுமன்றத்தில் அமரலாகாதென 1969ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பு விதித்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 29ஆந் திகதி நடந்த தேர்தலில் பெடெமாவின் தேசிய லிபரல் கூட்டணி 140 இடங்களில் 29ஐப் பெற்றது. கலாநிதி புசியாவின் முன்னேற்றக் கட்சி 105ஐ வென்று ஆட்சியமைத்தது. பெடெமா கேட்டாவின் பிரதிநிதியாக எதிரணியில் அமர்ந்தார். அவருக்கு அங்கே அமரத் தகுதியில்லை என்று வழக்கு வந்தது. அவர் எதிர்த்து வாதாடினார். டிசம்பர் 8ஆந் திகதி நீதிமன்றம் அவருக்கெதிராகத் தீர்ப்பளித்தது; ஆசனம் பறிபோயிற்று.

ஆணைக்குழுவின் முடிவு முற்றும் சரியா, தவறா என்பதில் அவருடைய நண்பர்க்கும் எதிரிகளுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. 1961இல் அவர் அஞ்சியது, முறையீட்டுக்கு இடமில்லாத ஒரு நீதிமன்றத்தை. 1969இல் அவரை வீழ்த்தியது, அவரும் வக்கீலை வைத்துப் பேச இடமளித்த ஒரு நீதிமன்றம். அவர் தோற்றார், ஆயினும் தீர்ப்புக்குப் பணிந்தார். கலகம் எதுவும் மூளவில்லை.

1972இல் மீண்டும் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கட்சிகளே இல்லாத ஒரு கூட்டு அரசாங்கத்தை நிலைநாட்டுவதற்குத் தளபதி அச்சம்பொங் 1978ஆம் ஆண்டு மார்ச்சில் ஒரு சர்வசன வாக்கெடுப்பை நடத்தினார். அதை எதிர்த்து எழுந்த, சுதந்திரத்துக்கும் நீதிக்குமான மக்கள் இயக்கத்தின் முன்னணியில் மூன்று முதியோர் நின்றனர் என்று சொல்லத் தோன்றும்; உண்மையில் அவர்களுள் ஒருவர் முதியவரல்லர். அவர், 1966இல் நிக்ருமாவைக் கவிழ்த்த படை அதிகாரிகளுள் ஒருவரான அபிரிபா. மற்றவர், நிக்ருமாவின் கட்சியைத் தொடக்கந்தொட்டு எதிர்த்த வில்லியம் ஒபோரி அட்டா. மூன்றாமவர், நிக்ருமாவின் கட்சியைக் கட்டியெழுப்பிய பெடெமா. ஒருவரையொருவர் வெவ்வேறு காலங்களில் எதிர்த்து நின்ற மூவரும், மக்கள் தம் பிரதிநிதிகளைத் தாமே தெரிவுசெய்யும் உரிமைக்காக ஒரே மேடையில் நின்றனர். அப்போது பெடெமாவுக்கு வயது 64.

1998ஆம் ஆண்டு யூலை மாதம் 11ஆந் திகதி, தமது 85ஆம் வயதில், பெடெமா காலமானார். அப்போது கானா மீண்டும் தேர்தல்களும் பாராளுமன்றமும் கொண்ட நாடாக இருந்தது.

நேயர்களே, இவரைக் குற்றமற்ற வீரராக நான் உங்கள் முன் நிறுத்தவில்லை. தடுப்புக் காவற் சட்டம் வந்தபோது அமைச்சரவையில் இருந்தவர். கொக்கோ விவசாயியின் குரலைச் செவிமடுக்காமல் விலை விதித்தவர். சொத்துக் கணக்கிலே குறை காணப்பட்டவர். இவை யாவும் அவருடைய கணக்கின் ஒருபக்கத்தில் எழுதப்படவேண்டியவை. மறுபக்கத்தில் இரண்டு செயல்கள் இருக்கின்றன. தலைவர் சிறையிலிருந்த காலத்தில் அவருடைய இடத்தைத் தமக்காக எடுத்துக்கொள்ளாமல் அவருக்காகக் காத்தமை ஒன்று. அதே தலைவர் அரியணையில் இருந்த காலத்தில், வாய் திறந்தோர் சிறைக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில், எழுந்து நின்று ‘இது கூடாது’ என்று சொன்னமை மற்றொன்று. முதற் செயலுக்கு அன்பு போதும். இரண்டாவதற்கு வேறொன்று வேண்டும். 1958இல் வாய்மூடியிருந்தவர் 1961இல் அதைக் கண்டடைந்தார். அதற்கு அவர் கொடுத்த விலை, தாமே கட்டியெழுப்பிய கட்சியும் தாய்நாட்டில் வாழும் உரிமையும்.

டோவர் நகரக் கடையிலே வைத்துவிட்டு வந்த பழரசத்தின் கதையே உலகம் இன்றும் அவரைப்பற்றி அதிகமாகச் சொல்லும் கதை. அந்தக் கடையில் அவருக்கு இழைக்கப்பட்டது அந்நியர் செய்த அவமானம். அதை எதிர்த்தபோது உலகமே அவர் பக்கம் நின்றது. 1961ஆம் ஆண்டு ஒக்டோபரில் அக்ராப் பாராளுமன்றத்தில் அவர் எழுந்தபோது, அவர் பக்கத்தில் நின்றோர் மிகச் சிலர். கானா மக்கள் அவரை நினைக்கும்போது அந்த இரண்டாவது ஒக்டோபரையும் நினைப்பார்களாயின், அதுவே அவருக்குச் செய்யும் நியாயமாகும்.